உருளைக்கிழங்கு தோல் நீக்கல்

உருளைக்கிழங்கு தோல் நீக்கல் என்பது உருளைக்கிழங்கின் மேற்தோல், முளை, பச்சை நிறமடைந்த பகுதி, அடிபட்ட பகுதி ஆகியவற்றை அகற்றி அதனைச் சமைப்பதற்கு ஏற்றவாறு ஆயத்தம் செய்யும் வீட்டுச் சமையலறைப் பணி ஆகும். கிழங்கைப் பச்சையாகச் சீவுவது, அவித்தபின் உரிப்பது, தேய்த்து நீக்குவது, தோலை நீக்காமல் கழுவி மட்டும் பயன்படுத்துவது என இது நான்கு வகையாகச் செய்யப்படுகிறது. எந்த முறையைக் கையாள்வது என்பது கிழங்கின் வயது, சமைக்கப்படும் உணவு, கிழங்கின் நிலை ஆகிய மூன்றையும் பொறுத்தது.

தோலை நீக்குவதற்குத் தூய்மையும் தோற்றமும் மட்டும் காரணமல்ல. உருளைக்கிழங்கில் இயற்கையாக உண்டாகும் நச்சுப்பொருட்கள் பெரும்பாலும் தோலிலும் அதை ஒட்டிய மெல்லிய அடுக்கிலும் தங்குகின்றன. இவை கொதிநீரில் அழிவதில்லை. ஆகவே தோல் சீவும் நேரமே கெட்ட கிழங்கைக் கண்டறிந்து விலக்குவதற்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பாகும்.

சொல் வழக்கு

தமிழில் தோலை நீக்கும் செயலுக்குப் பல வினைச்சொற்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்படுவதில்லை. கத்தி அல்லது தோல் சீவி கொண்டு பச்சைக் கிழங்கின் தோலை மெல்லிய நாடாவாக எடுப்பது சீவுதல் எனப்படும். அவித்த கிழங்கின் தோலைக் கையால் கழற்றுவது உரித்தல். கத்தியின் முனையாலோ நகத்தாலோ இளந்தோலை வழித்தெடுப்பது சுரண்டுதல். சொரசொரப்பான பரப்பில் உராயச்செய்து நீக்குவது தேய்த்தல். வெங்காயம், பூண்டு ஆகியவற்றை உரிக்கிறோம். கேரட்டையும் பச்சை உருளைக்கிழங்கையும் சீவுகிறோம். ஒரே உருளைக்கிழங்கு பச்சையாக இருக்கையில் சீவப்படுவதும், வெந்தபின் உரிக்கப்படுவதும் இங்கு குறிப்பிடத்தக்கது. இவ்வேறுபாட்டுக்கான காரணம் தோலின் அமைப்பிலேயே உள்ளது.

தோலின் அமைப்பு

உருளைக்கிழங்கு வேர் அன்று. நிலத்தடியில் பருத்து வளரும் தண்டு ஆகும். அதன் மேலுள்ள "கண்கள்" தண்டின் கணுக்களே. அதனால்தான் அவற்றிலிருந்து முளைகள் கிளம்புகின்றன. வெளித்தோல், தக்கை போன்ற உயிரற்ற செல்களால் ஆன பல அடுக்குகளைக் கொண்டது. இச்செல்களின் சுவரில் நீர் புகாத மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்திருப்பதால் கிழங்கு காய்ந்துவிடாமலும் நுண்ணுயிர்கள் எளிதில் புகாமலும் காக்கப்படுகிறது.

இளங்கிழங்கில் இத்தோல் முற்றியிருக்காது. விரலால் தேய்த்தாலே கழன்றுவிடும். முற்றிய கிழங்கில் தோல் சதையுடன் இறுக ஒட்டியிருக்கும் என்பதால் கத்தி தேவைப்படுகிறது. கிழங்கை அவிக்கும்போது தோலுக்கு அடியிலுள்ள செல்களை இணைக்கும் பெக்டின் என்னும் பொருள் இளகுகிறது. தக்கை அடுக்கோ வேகாமல் அப்படியே இருக்கிறது. எனவே வெந்த கிழங்கின் தோல் தாள் போலக் கழன்று வருகிறது.

மதுரைக்குக் கிழங்கு வந்து சேரும் வழி

உருளைக்கிழங்கு குளிர்ந்த இரவுகளில்தான் நன்கு கிழங்கு பிடிக்கும். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு மேற்படின் விளைச்சல் குறையும். எனவே மதுரைச் சமவெளியில் இது பயிரிடப்படுவதில்லை. தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் விளைகிறது. நீலகிரியில் 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளுடன் உருளைக்கிழங்கும் அறிமுகமானது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1957இல் தொடங்கப்பட்ட உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. 1968இல் வெளியிடப்பட்ட குப்ரி ஜோதி என்னும் வகை நீலகிரியில் பரவலாகப் பயிரானது. மலைக்கிழங்கு போதாத காலங்களில் கர்நாடகம், உத்தரப் பிரதேசம் போன்ற பிற மாநிலங்களிலிருந்தும் கிழங்கு வருகிறது. வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் விளைந்து, ஏறத்தாழ சனவரி முதல் மார்ச்சு வரை அறுவடையாகும் கிழங்கு குளிர்பதனக் கிடங்குகளில் பல மாதங்கள் வைத்திருந்து அனுப்பப்படுகிறது.

மதுரை நகரில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வடக்கே, வைகையின் தென்கரையை ஒட்டி அமைந்த சிம்மக்கல் போன்ற பகுதியில் ஒரு வீட்டார் வாங்கும் கிழங்கு, இவ்வாறு மலையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ புறப்பட்டு, மாட்டுத்தாவணி, பரவை போன்ற மொத்தச் சந்தைகளைக் கடந்து, மளிகைக் கடையின் கூடையிலோ தள்ளுவண்டியிலோ சில நாட்கள் இருந்தபின் கைக்கு வருவதாகும். வெளிச்சம், வெப்பம், அடிபடுதல், நாட்கடத்தல் ஆகிய நான்கும் கிழங்கின் தோலில் மாற்றங்களை உண்டாக்குபவை. இந்த நான்கும் இவ்வழியில் நேரக்கூடும் என்பதால், இங்கு கிழங்கைப் பார்த்துத் தெரிந்தெடுப்பது விளையும் ஊர்களில் உள்ளதைவிடக் கூடுதல் தேவையுடையதாகிறது.

கிழங்கில் உண்டாகும் நச்சு

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியன ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உருளைக்கிழங்குச் செடி சோலனின், சக்கோனின் எனும் இரு நச்சுப்பொருட்களை உருவாக்குகிறது. முளை, பூ, இலை ஆகியவற்றில் இவை மிகுதி. கிழங்கில் தோலிலும் அதற்கடுத்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பிலும் செறிந்திருக்கும். உட்சதையில் மிகக் குறைவு.

கிழங்கின் மீது வெளிச்சம் படும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, பச்சையம் உருவாகித் தோல் பச்சை நிறமடைதல். மற்றொன்று, மேற்கூறிய நச்சுகள் பெருகுதல். பச்சையம் தீங்கற்றது, கீரைகளில் உள்ளதும் அதுவே. ஆயினும் இரு மாற்றங்களும் பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்வதால் பச்சை நிறம் ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. அடிபட்ட, வெட்டுப்பட்ட, முளைவிட்ட கிழங்கில் பச்சை நிறம் தோன்றாமலேயே நச்சு கூடியிருக்கலாம். அத்தகைய கிழங்கு கசக்கும். உண்டபின் தொண்டையில் எரிச்சல் ஏற்படும்.

ஒரு கிலோகிராம் கிழங்கில் இந்நச்சுகளின் மொத்த அளவு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் பொது எல்லை. இந்த எல்லை பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரே வகையில் பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, எல்லை அளவு நச்சுள்ள கிழங்கை 200 கிராம் உண்டால் உடலில் சேருவது 40 மில்லிகிராம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது உடல் எடையில் கிலோகிராமுக்கு 0.7 மில்லிகிராம் அளவே. 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கோ 2 மில்லிகிராம் ஆகிறது. உடல் எடையில் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே பாதிப்பு காணப்பட்டுள்ளதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் மதிப்பிட்டது. நல்ல நிலையிலுள்ள கிழங்கின் தோல் சீவிய சதையில் நச்சு அந்த எல்லையைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் அன்றாட உணவைப் பற்றி அஞ்சத் தேவையில்லை.

இந்நச்சால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைவலி, கடுமையான நிலையில் மனக்குழப்பமும் மயக்கமும் ஏற்படும். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்துத் தோன்றக்கூடும் என்பதால் கிழங்கே காரணம் என்பது பெரும்பாலும் உணரப்படுவதில்லை. தென்கிழக்கு இலண்டனின் லூவிசம் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 78 மாணவர்கள் நோயுற்று, அவர்களுள் 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வை 1979இல் வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. கோடைப் பருவத்தில் மீந்து, விடுமுறை முழுவதும் மூட்டையில் கிடந்த பழைய கிழங்குகளே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டன. மாணவர்கள் அனைவரும் பின்னர் நலமடைந்தனர்.

சோலனின் சிதைவதற்கு 200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. நீர் 100 பாகையில் கொதிக்கிறது; அழுத்தக் கொதிகலனிலும் (குக்கர்) வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகையைத் தாண்டுவதில்லை. எனவே நன்றாக வேகவைத்தால் நச்சு போய்விடும் என்னும் கருத்து தவறானது. அவிக்கும் நீரில் ஓரளவு நச்சு கரைந்து வெளியேறலாம்; அவ்வளவே. தோலைச் சீவுவதால் கிழங்கிலுள்ள நச்சில் 25 முதல் 75 விழுக்காடு வரை நீங்கும் என்று மேற்கூறிய ஐரோப்பிய மதிப்பீடு குறிப்பிடுகிறது.

தெரிந்தெடுத்தல்

சீவத் தொடங்கும் முன் கிழங்கைக் கழுவுதல் வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பச்சை நிறமும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியா. மேலும் கழுவாமல் சீவினால் மண் கத்தியின் வழியாகச் சதைக்கு ஏறும். கழுவிய கிழங்கைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. தோல் இறுகி, பச்சையும் முளையும் இல்லாமல் கெட்டியாக உள்ளவை: எவ்வகைச் சமையலுக்கும் ஏற்றவை.
2. கெட்டியாக இருந்து, சிறு முளை மட்டும் விட்டவை: முளையை ஒடித்தால் போதாது. கண்ணைச் சுற்றியுள்ள சதையையும் கத்திமுனையால் குடைந்தெடுத்தபின் பயன்படுத்தலாம்.
3. ஓரிடத்தில் மட்டும் பச்சை படிந்தவை: பச்சை முழுவதும் மறையும்வரை அப்பகுதியைத் தடிமனாகச் செதுக்கிவிட வேண்டும். இவற்றைத் தோலுடன் சமைத்தல் கூடாது.
4. பெரும்பகுதி பச்சையானவை, சுருங்கி நீண்ட முளை விட்டவை, அழுகியவை, கசப்பவை: முழுவதும் எறியப்பட வேண்டியவை.

கருவிகள்

தமிழகச் சமையலறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது அரிவாள்மனை ஆகும். மதுரை வட்டாரப் பேச்சு வழக்கில் இது அருவாமனை எனப்படும். இதில் வெட்டும் அலகு அசையாமல் நிற்க, இரு கைகளாலும் கிழங்கைப் பிடித்து அலகின் மீது நகர்த்த வேண்டும். கத்தியில் இதற்கு மாறாகக் கிழங்கு நிற்க அலகு நகரும். அரிவாள்மனையில் பெரிய காய்களை அரிவது எளிது. ஆயினும் உருளைக்கிழங்கின் தோலை மெல்லியதாக எடுக்கப் பழக்கம் தேவை.

தோல் சீவியில் அலகு ஓர் இடைவெளியுடன் பொருத்தப்பட்டிருப்பதால் எடுக்கப்படும் தோலின் தடிப்பு எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். ஆங்கில எழுத்தான ஒய் வடிவில் அமைந்த, இன்று பரவலாகக் காணப்படும் தோல் சீவிக்கு முன்மாதிரியான ரெக்சு என்னும் கருவியை 1947இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் நெவெட்செர்சல் உருவாக்கினார். தோல் சீவி வீணாவதைக் குறைக்கிறது. அதே காரணத்தால் பச்சை படிந்த பகுதிக்கு அதன் ஒரு சீவல் போதாது. அங்கு கத்தியே ஏற்றது.

முறைகள்

பச்சையாகச் சீவுதல்

வறுவல், பொரியல், குருமா, சாம்பார், பஜ்ஜி ஆகியவற்றில் துண்டுகள் உருக்குலையாமல் இருக்க வேண்டும் என்பதால் கிழங்கு பச்சையாகச் சீவி அரியப்படுகிறது. கிழங்கின் நீளவாக்கில், கையிலிருந்து விலகிச் செல்லும் திசையில் சீவுவது பாதுகாப்பானது. ஈரமான கிழங்கு வழுக்கும் என்பதால் கழுவியபின் துணியால் துடைத்துக்கொள்வது நன்று.

அவித்து உரித்தல்

பூரிக்கிழங்கு, மசால் தோசை, பொடிமாசு, போண்டா ஆகியவற்றுக்குக் கிழங்கை மசிக்க வேண்டும். இவற்றுக்குத் தோலுடன் அவிப்பதே ஏற்றது. தோல் ஒரு மூடியாகச் செயற்பட்டுச் சதைக்குள் நீர் ஏறுவதையும் சத்துகள் நீரில் கரைவதையும் தடுக்கிறது. நீர் ஏறிய கிழங்கில் செய்த போண்டா எண்ணெயில் உடைந்துவிடும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள கிழங்குகளைச் சேர்த்து அவித்தால் அனைத்தும் ஒரே நேரத்தில் வேகும். பாத்திரத்தில் அவிப்பதாயின் குளிர்ந்த நீரில் இட்டுச் சூடேற்ற வேண்டும். கொதிநீரில் இட்டால் நடுப்பகுதி வேகும் முன் வெளிப்பகுதி குழைந்துவிடும். வெந்த கிழங்கைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் இட்டு எடுத்தால் கை பொறுக்கும் சூட்டில் உரிக்கலாம். மசிப்பதைச் சூடாக இருக்கும்போதே முடித்துவிடுவது நன்று. ஆறினால் மாவுச்சத்து இறுகிக் கட்டிகள் எஞ்சும். இம்முறையிலும் பச்சைப் பகுதிகளை அவிக்கும் முன்னரே செதுக்கி நீக்கிவிட வேண்டும்.

தேய்த்தல்

கோலி அளவில் உள்ள சிறு கிழங்குகளைச் சீவினால் சதை பெரிதும் வீணாகும். இவற்றை அவித்து உரிப்பர்; இளங்கிழங்காயின் சொரசொரப்பான துணியில் தேய்ப்பர். இம்முறை தென் தமிழகத்தில் பொங்கல் காலத்தில் விற்பனைக்கு வரும் சிறுகிழங்குக்கு நெடுங்காலமாகக் கையாளப்படுவதாகும். சிறுகிழங்கை ஊறவைத்துச் சாக்குப்பையில் இட்டுத் தரையில் தேய்த்து மண்ணையும் தோலையும் ஒருங்கே நீக்குவர். பெயரும் உருவமும் ஒத்திருப்பினும் சிறுகிழங்கு புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது, உருளைக்கிழங்கின் இனமன்று.

தோலுடன் சமைத்தல்

நார்ச்சத்து தோலில் மிகுதி என்பதால் தோலுடன் உண்பதும் உண்டு. நன்கு தேய்த்துக் கழுவிய, பச்சையும் முளையும் வெடிப்பும் இல்லாத புதிய கிழங்குக்கு மட்டுமே இது பொருந்தும்.

சீவியபின் நிறம் மாறுதல்

சீவிய கிழங்கு சிறிது நேரத்தில் பழுப்பாகிப் பின் கருமையடையும். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து வெளிப்படும் நொதியம் ஒன்று, காற்றிலுள்ள ஆக்சிசனின் துணையுடன் கிழங்கிலுள்ள தைரோசின் முதலிய பொருட்களைக் கருநிறமிகளாக மாற்றுவதே இதற்குக் காரணம். இது தீங்கற்றது. நீரில் மூழ்கவைத்தால் காற்று படாமல் நிறமாற்றம் தடைபடும். வாழைப்பூவை மோரில் இடுவதும் இதையொத்த காரணத்திற்காகவே. மோரின் புளிப்பு நொதியத்தின் செயலைக் குறைக்கிறது. உருளைக்கிழங்குக்கு வெறும் நீரே போதுமானது.

வறுவலுக்கான துண்டுகளை நீரில் அலசுவதால் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் நீங்குகின்றன. இதனால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் விரைவில் கருகாமலும் மொறுமொறுப்பாக வரும். எண்ணெயில் இடும் முன் ஈரத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும். மாவுப்பொருள் மிக்க உணவுகளை மிகுந்த சூட்டில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்னும் தீங்குள்ள பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். கரும்பழுப்பாகும் வரை வறுக்காமல் பொன்னிறத்தில் எடுப்பது இதன் அளவைக் குறைக்கும்.

வேகுதலும் புளியும்

புளிக்குழம்பிலோ சாம்பாரிலோ இட்ட கிழங்கு நெடுநேரம் கொதித்தும் வேகாமல் நிற்பதைக் காணலாம். செல்களை இணைக்கும் பெக்டின் புளிப்பான நீரில் எளிதில் இளகுவதில்லை என்பதே இதற்குக் காரணம். கடின நீரிலுள்ள கால்சியமும் பெக்டினை இறுகச்செய்யும். ஆகையால் கிழங்கை முதலில் வேகவைத்துவிட்டுப் பின்னர் புளிக்கரைசலைச் சேர்க்கும் வழக்கம் வேதியியல் முறையிலும் சரியானதே. துண்டுகள் கரைந்துவிடாமல் இருக்க வேண்டுமெனில், பாதி வெந்த நிலையில் புளியைச் சேர்த்து இதே பண்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சத்துகளும் சிறுநீரக நோயாளரும்

உருளைக்கிழங்கின் சத்து முழுவதும் தோலில்தான் உள்ளது என்று பரவலாகக் கூறப்படுகிறது. இது சரியன்று. நார்ச்சத்தில் கணிசமான பங்கு தோலில் இருப்பினும், உயிர்ச்சத்து சி, பொட்டாசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி சதையிலேயே உள்ளது. மெல்லியதாகச் சீவுவதால் ஏற்படும் இழப்பு சிறிது. சீவி, சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டுவதாலேயே பெரிய இழப்பு நேர்கிறது.

சிலருக்கு இவ்விழப்பே தேவையாகிறது. சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலிலிருந்து பொட்டாசியம் போதிய அளவு வெளியேறாது. இரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படும். கிழங்கை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் பொட்டாசியம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை உண்டு. 2008இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஊறவைப்பதால் மட்டும் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்றும், சிறு துண்டுகளாக்கி வேகவைத்தால் ஏறத்தாழ பாதியும், துருவி வேகவைத்தால் ஏறத்தாழ முக்கால் பங்கும் குறைகின்றன என்றும் காட்டியது. வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது இதில் அடங்கும். எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரின் அறிவுரைப்படியே முடிவு செய்தல் வேண்டும்.

சீவிய தோல்

காய்கறிக் கழிவையும் அரிசி கழுவிய நீரையும் சேர்த்துக் கழனித்தண்ணீராக மாட்டுக்கு வைப்பது மதுரை வட்டாரத்திலும் வழக்கம். பச்சை படிந்த தோல், முளை, அழுகிய கிழங்கு ஆகியவற்றை அதில் சேர்த்தல் ஆகாது. மனிதருக்குத் தீங்கான அதே நச்சுகள் கால்நடைகளுக்கும் தீங்கு தருபவை. இவற்றை மக்கும் குப்பையில் சேர்க்கலாம்.

சேமித்தல்

கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமான, இயன்றவரை குளிர்ந்த இடத்தில் சாக்கிலோ மூடிய கூடையிலோ வைத்தல் நன்று. நெகிழிப் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். மதுரையின் கோடை வெப்பத்தில் கிழங்கு விரைவில் முளைவிடும் என்பதால், அக்காலத்தில் ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்காதிருப்பதே எளிய வழி. குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குறைந்த வெப்பநிலையில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் கிழங்கு இனிக்கும். வறுக்கும்போது விரைவில் கருகும். சன்னலோரத்திலும் அடுப்புக்கு அருகிலும் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

உருளைக்கிழங்கு
சிறுகிழங்கு
அரிவாள்மனை
சோலனின்
பெக்டின்